ஓராண்டு வாசிப்புக்கு ஓர் ஒர்க் ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பல வீடுகளில் ஸ்ப்ரெட் ஷீட் புரோகிராம் ஒருமுறை கூடத் திறக்கப்படாமல் கிடக்கிறது. சம்பளக் கணக்கு, ஸ்டாக் கணக்கு போடுபவர்களுக்கானது அது என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் கற்றுக் கொள்வதற்குச் சம்பளக் கணக்கு எதுவும் தேவையில்லை. நமக்கு நன்றாகத் தெரிந்த, நம் கையிலேயே இருக்கிற ஒரு விஷயத்தை எடுத்துக் கொண்டால் போதும். இந்தப் பாடத்தில் நாம் எடுத்துக் கொள்ளப் போவது, கடந்த ஓராண்டில் நீங்கள் படித்த புத்தகங்கள். பட்டியல் போடுதல், பில்டர், பிவட் டேபிள், சிறிய பார்முலா என அடிப்படைகள் அனைத்தும் இதற்குள்ளேயே வந்துவிடும்.

விளக்குவதற்கு ஒருவரின் கணக்கையே தொடர்ந்து பார்க்கலாம். விருதுநகரை அடுத்த சூலக்கரையில் வீடு. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். வயது 61. மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. “வருசத்துக்கு முப்பது புஸ்தகமாவது முடிச்சிருவேன் அண்ணாச்சி” என்பது அவருடைய மதிப்பீடு. ஒர்க் ஷீட் என்ன சொன்னது என்பதைக் கீழே பார்ப்போம்.

படித்ததைக் குறித்து வைப்பது புதிய பழக்கம் அல்ல. பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை தனி நோட்டுகளில் இரண்டு பட்டியல்கள் வைத்திருந்தார். ஒன்று படிக்க வேண்டியவை, மற்றொன்று படித்து முடித்தவை. காந்தியடிகள் 1922 முதல் 1924 வரை எரவாடா சிறையில் இருந்தபோது, முடித்த நூல்களைச் சிறை நாட்குறிப்பில் எழுதி வந்தார். அவர்களிடம் பேனாவும் நோட்டும் இருந்தன. பட்டியல் எழுத அது போதும். ஆனால் “எந்த மாதத்தில் எத்தனை பக்கம்?” என்று கேட்டால் நோட்டு பதில் சொல்லாது, மறுபடி உட்கார்ந்து கூட்ட வேண்டும். அந்த வேலையைத்தான் கம்ப்யூட்டரிடம் கொடுக்கப் போகிறோம்.

எந்த புரோகிராம்?

எக்ஸெல் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பை அதன் இணைய தளத்திலிருந்து இலவசமாக டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்திடலாம். அதில் கால்க் என்று இருப்பது நமக்கு வேண்டியது. இங்கே கால்க் மெனுக்களைச் சொல்கிறேன். எக்ஸெல்லில் வேறுபட்டால் அதையும் குறிப்பிடுகிறேன். வாசிப்பைக் குறித்து வைக்கவென்றே இணைய தளங்களும் இருக்கின்றன. அவற்றில் தமிழ்ப் பதிப்புகளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதிப் புத்தகத்தைப் படித்து விடலாம் என்பது என் அனுபவம். சொந்த பைல் என்றால் நம் இஷ்டம்.

தமிழில் டைப் செய்ய யூனிகோட் விசைப்பலகையையே பயன்படுத்திடவும். விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிகள் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்தால் தமிழ்99 கீ போர்டைத் தேர்ந்தெடுக்கலாம். 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது. விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். பழைய பாண்ட்களில் டைப் செய்த பட்டியல் ஏதேனும் வைத்திருந்தால், அதை அப்படியே ஒட்டாதீர்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது வெறும் ஆங்கில எழுத்துகள். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக் கொள்ள வேண்டும்.

தலைப்புகள்

புதிய பைலைத் திறந்து, எதையும் டைப் செய்வதற்கு முன்பே கண்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை அழுத்தி ‘வாசிப்பு’ என்ற பெயரில் சேவ் செய்திடவும். எந்த போல்டரில் சேவ் ஆகிறது என்று ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள். புதியவர்கள் தொலைக்கும் பைல்களில் பெரும்பாலானவை தொலைவதில்லை, வேறு போல்டரில் இருக்கின்றன.

முதல் வரிசையில் செல்லுக்கு ஒன்றாக இந்தத் தலைப்புகளை டைப் செய்திடவும்: நூல், ஆசிரியர், வகை, மொத்தப் பக்கம், படித்த பக்கம், எங்கிருந்து, தொடங்கிய நாள், முடித்த நாள், மாதம், நிலை, குறிப்பு. ஒவ்வொரு தலைப்பாக டேப் கீயைத் தட்டி நகரலாம். பின்னர் வியூ மெனுவில் ப்ரீஸ் செல்ஸ் சென்று, முதல் வரிசையை நிறுத்தி வைக்கும் கட்டளையைக் கிளிக் செய்திடவும். எக்ஸெல்லில் வியூ டேபில் ப்ரீஸ் பேன்ஸ். இனி எவ்வளவு கீழே போனாலும் தலைப்புகள் மேலேயே நிற்கும்.

மொத்தப் பக்கம், படித்த பக்கம் என்று இரண்டு ஏன் என்று கேட்கலாம். பாதியில் விட்ட புத்தகங்களுக்காகத்தான். நானூறு பக்க நாவலில் அறுபது பக்கத்தில் நின்று விட்டால் அந்த அறுபதும் நீங்கள் படித்ததுதான், கணக்கில் வரவேண்டும். அதே நேரத்தில் முடித்த நூல் என்றும் எண்ணக் கூடாது. பக்க எண்ணிக்கையை உங்கள் கையில் உள்ள பிரதியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள். பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

மாதம் என்ற தலைப்பின் கீழ் ஜனவரி, பிப்ரவரி என்று எழுதாமல் 1, 2 என எண்ணாகக் கொடுங்கள். பெயராகக் கொடுத்தால் வரிசைப்படுத்தும்போது அகர வரிசையில் அக்டோபர் முதலில் வந்து உட்கார்ந்து கொள்ளும். ஒரு புத்தகம் இரண்டு மாதங்களில் நீண்டால், எந்த மாதத்தில் அதிகம் படித்தீர்களோ அந்த எண்ணைப் போடுங்கள். நமக்கு வேண்டியது தோராயமான வடிவம்; ஆடிட்டர் யாரும் வரப் போவதில்லை.

தேதியில் ஒரு பொறி

தேதியை 5/3 என்று டைப் செய்தால் உங்கள் கம்ப்யூட்டர் அதை மார்ச் 5 என்று எடுத்துக் கொள்ளலாம். மே 3 என்றும் எடுத்துக் கொள்ளலாம். கம்ப்யூட்டர் அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டிருந்தால் மாதம்தான் முதலில். இதைச் சோதிக்க எளிய வழி 25/3 என்று டைப் செய்து எண்டர் தட்டுவது. செல்லின் வலது ஓரத்தில் ஒட்டி நின்றால் தேதியாகப் புரிந்து கொண்டது என்று பொருள். இடது ஓரத்தில் நின்றால் வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. 25 என்ற மாதம் இல்லாததால் குழம்பிவிட்டது. டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று, மொழிகள் பகுதியில் லொகேல் என்பதை இங்கிலிஷ் இந்தியா என மாற்றினால் நாள் முதலில் வரும் நம் முறை கிடைத்திடும். எக்ஸெல் பயன்படுத்துபவர்கள் விண்டோஸின் ரீஜன் செட்டிங்ஸில் மாற்ற வேண்டும். புத்தகத்தை முடித்த அன்றே பதிவு செய்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு அரைப்புள்ளி கீயைத் தட்டினால் இன்றைய தேதி தானாக வந்து விழும்.

கீழ் விரியும் பட்டியல்

வகை, எங்கிருந்து, நிலை ஆகிய மூன்று தலைப்புகளிலும் ஒரே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். இவற்றை ஒவ்வொரு முறையும் டைப் செய்யக் கூடாது. ‘சிறுகதை’ என்று ஒருநாள், ‘சிறுகதைகள்’ என்று இன்னொரு நாள் அடித்தால் கம்ப்யூட்டர் இரண்டையும் வேறு வேறு என்றே எண்ணும். வகை என்ற காலத்தில் தலைப்பை விட்டுவிட்டு இரண்டாவது செல்லில் இருந்து நூறாவது செல் வரை மவுசால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். டேட்டா மெனுவில் வேலிடிட்டி என்பதைக் கிளிக் செய்திடவும். அலவ் என்ற இடத்தில் லிஸ்ட் என்பதைத் தேர்வு செய்து, கீழே உள்ள கட்டத்தில் வரிக்கு ஒன்றாக நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை, வரலாறு, பிற என டைப் செய்து ஓகே தரவும். எக்ஸெல்லில் இது டேட்டா வேலிடேஷன். அங்கே சொற்களைக் காற்புள்ளியால் பிரித்து ஒரே வரியில் தர வேண்டும். இனி அந்தச் செல்லைக் கிளிக் செய்தால் சிறிய அம்புக்குறி தோன்றும். பட்டியலிலிருந்து எடுத்துக் கொள்ளலாம். ‘எங்கிருந்து’ என்பதற்கு நூலகம், சொந்தம், இரவல், இணையம். ‘நிலை’க்கு முடித்தது, பாதியில், படிக்கிறேன்.

ஆசிரியர் பெயர்களுக்கு இப்படிப் பட்டியல் வைக்க முடியாது. அங்கேதான் தமிழ்ப் பெயர்கள் வேலை வாங்கும். கி.ராஜநாராயணன் என்று ஒரு வரியில் இருக்கும், புள்ளிக்குப் பின் இடம் விட்டு இன்னொரு வரியில் இருக்கும், கி.ரா. என்று மூன்றாவதில் இருக்கும். மூன்றும் மூன்று எழுத்தாளர்கள் ஆகி விடுவார்கள். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி பில்டர்தான். தலைப்பு வரிசையில் ஏதேனும் ஒரு செல்லில் கிளிக் செய்து டேட்டா மெனுவில் ஆட்டோ பில்டர் தரவும். ஒவ்வொரு தலைப்பிலும் ஓர் அம்புக்குறி வரும். ஆசிரியர் அம்புக்குறியைக் கிளிக் செய்தால் உள்ள பெயர்கள் அனைத்தும் வரிசையாகத் தோன்றும். ஒரே ஆள் இரண்டு வேடத்தில் அடுத்தடுத்து நிற்பது அங்கே பளிச்செனத் தெரியும். கண்ட்ரோல் கீயுடன் எச் கீயை அழுத்தி, தவறான வடிவத்தைத் தேடிச் சரியானதாக ஒரே முறையில் மாற்றிடலாம்.

போன ஆண்டைத் திரட்டுவது

இதுவரை செய்தது காலிக் கட்டங்கள். இனி நினைவைத் துழாவ வேண்டும். நினைவை மட்டும் நம்ப வேண்டாம். புத்தகக் கடை, புத்தகக் காட்சி பில்கள். நூலகத்தில் எடுத்த நூல்களில் ஒட்டிய தவணைச் சீட்டு. புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்த தேதி. மொபைலில் எடுத்த அட்டைப் படங்கள் ஆகியவை எல்லாம் சாட்சிகள். மொபைல் படங்களில் எடுத்த நாள் பதிவாகியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சரியான தேதி தெரியாத நூலுக்கு மாத எண்ணை மட்டும் போட்டு விட்டு மேலே செல்லுங்கள்.

நம் சூலக்கரை வாசகருக்கு இதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முடிவில் 20 வரிசைகள் நிரம்பின. நிலை அம்புக்குறியில் ‘முடித்தது’ என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தபோது மிஞ்சியது 14. முப்பது என்று நினைத்தவருக்குப் பதினான்கு. மற்ற ஆறும் பாதியில் நின்றவை. அந்த ஆறில் நான்கு ஜூலைக்குப் பிறகு தொடங்கியவை.

பில்டர் போட்ட நிலையில் ‘படித்த பக்கம்’ எண்களை மவுசால் தேர்ந்தெடுத்தால் விண்டோவின் அடிப்பட்டையில் கூட்டுத் தொகை தானாகத் தெரியும். எண்ணிக்கையோ சராசரியோ வேண்டுமானால் அந்தப் பட்டையில் ரைட் கிளிக் செய்து சேர்த்துக் கொள்ளலாம். பார்முலா எதுவும் தேவையில்லை. அவருடைய கணக்கில் நாவல் 5, பக்கங்கள் 1,420. சிறுகதைத் தொகுப்பு 4, பக்கங்கள் 690. வரலாறும் கட்டுரையும் சேர்த்து 3, பக்கங்கள் 540. பிற 2, பக்கங்கள் 250. முடித்தவை மொத்தம் 2,900 பக்கங்கள். பாதியில் விட்டவற்றில் படித்தது 385. ஆகக் கூட்டினால் 3,285.

பிவட் டேபிள் என்னும் அதிசயம்

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். முதலில் பில்டரை நீக்கி எல்லா வரிசைகளும் தெரியும்படி செய்திடுங்கள். டேபிளுக்குள் ஏதேனும் ஒரு செல்லில் கிளிக் செய்து, இன்சர்ட் மெனுவில் பிவட் டேபிள் தரவும். (கால்க்கின் பழைய பதிப்புகளில் இது டேட்டா மெனுவில் இருக்கும்.) தேர்ந்தெடுத்த பகுதி சரியா எனக் கேட்கும், ஓகே தரவும். அடுத்து வரும் டயலாக் பாக்ஸில் உங்கள் தலைப்புகள் எல்லாம் வரிசையாக நிற்கும். ‘மாதம்’ என்பதை மவுசால் இழுத்து ரோ பீல்ட்ஸ் கட்டத்தில் போடுங்கள். ‘படித்த பக்கம்’ என்பதை இழுத்து டேட்டா பீல்ட்ஸ் கட்டத்தில் போடுங்கள். எக்ஸெல்லில் இந்தக் கட்டத்தின் பெயர் வேல்யூஸ். அவ்வளவுதான். புதிய ஷீட்டில் மாதவாரியாகப் பக்கக் கணக்கு வந்துவிடும்.

நம் வாசகருக்கு வந்தது இது. ஜனவரி 610, பிப்ரவரி 340, மார்ச் 290, ஏப்ரல் 410, மே 520, ஜூன் 270, ஜூலை 180, ஆகஸ்ட் 60, அக்டோபர் 35, நவம்பர் 330, டிசம்பர் 240. செப்டம்பர் எங்கே? அந்த வரிசையே இல்லை. செப்டம்பரில் ஒரு பக்கம் கூடப் படிக்காததால் பட்டியலில் 9 என்ற எண்ணே ஏறவில்லை. இல்லாததை பிவட் டேபிள் காட்டாது. இதைப் பயன்படுத்தும்போதெல்லாம் எத்தனை வரிசை வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த எண்களைச் சிவகாசி வட்டாரத்தில் யாரிடம் காட்டினாலும் ஆள் என்ன வேலை பார்க்கிறார் என்று சொல்லி விடுவார்கள். ஆகஸ்டிலிருந்து தீபாவளி வரை பட்டாசு ஆலைகளில் லோடு அனுப்பும் காலம். கணக்கு எழுதுபவர் வீடு திரும்பும்போது சூலக்கரைக் கடைகளில் பாதி மூடியிருக்கும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்களுக்கு மூடப்படும். நவம்பர் 330 அதனால் வந்தது. ஜனவரியில் பொங்கல் விடுமுறை, புத்தகக் காட்சியில் வாங்கி வந்த சூடு. அவர் சோம்பேறி ஆகவில்லை. அவருடைய ஆண்டு அப்படிப்பட்டது. உங்கள் வீட்டில் அது பள்ளித் தேர்வுக் காலமாக இருக்கலாம், அறுவடையாக இருக்கலாம். எதுவானாலும் பிவட் டேபிளில் பள்ளமாகத் தெரியும்.

சராசரி காட்டும் பொய்

இப்போது ஒரு பார்முலா. காலியான செல் ஒன்றில் சமக் குறியை டைப் செய்திடவும். பிறகு மவுசால் மொத்தப் பக்கம் 3,285 இருக்கும் செல்லைக் கிளிக் செய்திடுங்கள். வகுத்தல் குறியாகச் சாய்கோட்டை அடித்து 365 எனக் கொடுத்து எண்டர் தட்டவும். விடை 9. ஒரு நாளைக்கு ஒன்பது பக்கம்.

இந்த ஒன்பதை வைத்துத் திட்டம் போட்டால் திட்டம் உடையும். ஏனென்றால் எந்த நாளிலும் அவர் ஒன்பது பக்கம் படிக்கவில்லை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்றும் சேர்ந்து 92 நாள். படித்தது 95 பக்கம். அதாவது நாளுக்கு ஒரு பக்கம். மீதி 273 நாளில் படித்தது 3,190 பக்கம். வகுத்தால் 11.7, ஏறத்தாழ 12. இந்த மனிதருக்குள் இரண்டு வாசகர்கள் இருக்கிறார்கள். ஒருவர் 12 பக்கக்காரர், மற்றவர் 1 பக்கக்காரர். இருவருக்கும் தனித்தனியாகத் திட்டம் போட வேண்டும்.

இன்னொரு வகுத்தலும் செய்தோம். போன புத்தகக் காட்சியில் அவர் வாங்கியவை 22. அவற்றில் படித்தது 7. அலமாரியில் ஏற்கனவே இருந்த பழையவற்றையும் சேர்த்து எண்ணினால் வீட்டில் படிக்காமல் இருப்பவை 187. சமக் குறி, 187, சாய்கோடு, 14, எண்டர். விடை 13.36. இனி ஒரு புத்தகம் கூட வாங்காமல் இருந்தால், இருப்பதை முடிக்கவே பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 61 உடன் 13 கூட்டினால் எவ்வளவு என்று கால்க் தேவையில்லாமல் அவரே போட்டுக் கொண்டார். “கண்ணு அதுவரைக்கும் ஒத்துழைக்கணுமே” என்றார். ஒரு கண்ணில் புரை வளர ஆரம்பித்திருக்கிறது. அன்று அவர் செய்த அடுத்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. 187ல் இனிப் படிக்கப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த நாற்பதைத் தனியே எடுத்து, பேரப்பிள்ளை படிக்கும் பள்ளிக்குக் கொடுக்கக் கட்டி வைத்து விட்டார்.

திட்டம் என்ற ஷீட்

கீழே உள்ள ஷீட் டேபுக்கு அருகில் கூட்டல் குறியைக் கிளிக் செய்து புதிய ஷீட் ஒன்றை உருவாக்கி, அதில் ரைட் கிளிக் செய்து ‘திட்டம்’ எனப் பெயர் மாற்றிடவும். மேல் மூலையில் ஒரு செல்லில் 12 என்ற எண்ணை மட்டும் எழுதுங்கள். அதற்குக் கீழே நூல், பக்கம், தேவைப்படும் நாள், மாதம் என நான்கு தலைப்புகள்.

தேவைப்படும் நாளுக்கு பார்முலா: சமக் குறி, பக்க எண்ணிக்கை உள்ள செல்லைக் கிளிக், சாய்கோடு, 12 இருக்கும் செல்லைக் கிளிக். இந்த இடத்தில் எண்டர் தட்டுவதற்கு முன் எப்4 கீயை ஒருமுறை அழுத்துங்கள். செல்லின் முகவரியில் டாலர் குறிகள் தோன்றும். (சில லேப்டாப்களில் எப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.) பின்னர் எண்டர். இப்போது அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா நூல்களுக்கும் நாள் கணக்கு வந்துவிடும். டாலர் குறி இல்லாமல் இழுத்திருந்தால், ஒவ்வொரு வரிசைக்கும் 12 இருக்கும் செல்லும் ஒரு படி கீழே இறங்கித் தவறான செல்லைப் பிடித்து, பிழை காட்டும். டாலர் குறி என்பது அந்தச் செல்லுக்கு அடித்த ஆணி. நாளை 12 என்பது 15 ஆனால் அந்த ஒரு செல்லை மாற்றினால் போதும். அத்தனை நாள் கணக்கும் தானே மாறிடும்.

எதைப் படிப்பது என்பது அவரவர் விருப்பம். நம் வாசகர் தன் ஊரைச் சுற்றியுள்ள கரிசல் மண்ணின் எழுத்தாளர்களை வரிசையாகப் படிக்க ஆசைப்பட்டார். நல்ல ஆசை. கைகாட்டியாக சாகித்திய அகாதமி விருதுகளையே எடுத்துக் கொண்டோம். இடைசெவல் கி.ராஜநாராயணன் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991ல் பெற்றார். இதற்கு முன் ‘கோபல்ல கிராமம்’ படித்து விடுவது நல்லது. கதை அங்கேதான் தொடங்குகிறது. மேலாண்மறைநாட்டைச் சேர்ந்த மேலாண்மை பொன்னுச்சாமிக்கு ‘மின்சாரப் பூ’ சிறுகதைத் தொகுப்புக்காக 2007ல் கிடைத்தது. பூமணியின் ‘அஞ்ஞாடி’க்கு 2014, மல்லாங்கிணறுக்காரரான எஸ்.ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ நாவலுக்கு 2018, உருளைக்குடி சோ.தர்மனின் ‘சூல்’ நாவலுக்கு 2019. மேலாண்மறைநாடும் மல்லாங்கிணறும் விருதுநகர் மாவட்டத்திலேயே இருப்பவை. மற்றவர்கள் பக்கத்துக் கோவில்பட்டி வட்டாரத்துக்காரர்கள்.

இதில் ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. 1899ல் நடந்த சிவகாசிக் கலவரம் வரை நீளும் கதை. நாளுக்கு 9 என்று போட்டால் 111 நாள் கேட்கும். 12 என்று போட்டால் 84 நாள். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் சேர்ந்தால் 92 நாள். 12 வீதம் 1,104 பக்கம். தீபாவளி முடிந்து ஆலை மூடியதும் தொடங்கினால் பொங்கலை ஒட்டி முடிந்து விடும். ஆகஸ்டில் தொடங்கினால் அது ஏழாவது பாதிப் புத்தகம் ஆகியிருக்கும்.

இதனால் அவருடைய திட்டம் ஜனவரியில் அல்லாமல் நவம்பரில் தொடங்குகிறது. ஜனவரி 1 என்பது காலண்டர் காட்டும் நாள்தான். அந்தக் காலண்டரை அச்சடிக்கும் சிவகாசியிலேயே, அடுத்த ஆண்டுக்கான ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்றே வெளியிட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்கி விடுகிறார்கள்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை என்ன செய்வது? நாவலே வைக்கவில்லை. அந்த 92 நாளில் 13 ஞாயிற்றுக்கிழமைகள் வரும். ஞாயிறுக்கு ஒரு சிறுகதை, 13 கதைகள். கி.ரா., புதுமைப்பித்தன் தொகுப்புகள் வீட்டிலேயே இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒன்று என்ற அளவில் படிக்கும் முறைக்கு இந்த மாவட்டத்திலேயே பழைய முன்மாதிரி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரங்கள். மார்கழியில் நாளுக்கு ஒன்றாகத் தமிழ்நாடு முழுவதும் பாடி முடிக்கிறார்கள். யாரும் பாதியில் விடுவதில்லை.

நூலகத்தில் எடுப்பவர்கள் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். 14 நாள் தவணை என்றால், 14 பெருக்கல் 12 சமம் 168 பக்கம். முந்நூறு பக்க நாவலை எடுத்தால் ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும் என்பது எடுக்கும்போதே தெரிந்து விடும். இந்தியா விடுதலை பெற்றதும் முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டு வந்தது அன்றைய சென்னை மாகாணம்தான், 1948ல். அதற்குப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். இன்றும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். கட்டிய பணத்துக்குப் பயன்படுத்துங்கள். விடுமுறை நாளில் மதுரை போவதாக இருந்தால் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் பார்த்து வரலாம். இணையத்தில் என்றால் 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இலவசம்.

திட்டத்தை முழுவதுமாக நிரப்ப வேண்டாம். 273 நாளுக்கு 12 வீதம் 3,276 பக்கம் வருகிறது. அவர் 2,700 பக்கத்தோடு நிறுத்திக் கொண்டார். மீதி, புத்தகக் காட்சியில் கண்ணில் படுவதற்கும் நண்பர் கையில் திணிப்பதற்கும். 2022 முதல் மாவட்டங்கள்தோறும் அரசு ஆதரவுடன் புத்தகக் காட்சிகள் நடப்பதால் சபலத்துக்குச் சென்னை வரை போக வேண்டிய தேவையும் இல்லை. வாங்கும் நூலை வீட்டுக்கு வந்ததும் திட்டம் ஷீட்டில் ஏற்றுங்கள். எந்த மாதத்தில் படிப்பது என்று எழுத இடமில்லாத புத்தகம், அடுத்த முறை வாங்கும்போது கையைப் பிடித்து நிறுத்தும்.

ஆண்டு முடிந்து புதிய பட்டியல் தொடங்கும்போது பழைய வரிசைகளை அழித்து விடாதீர்கள். ஷீட் டேபில் ரைட் கிளிக் செய்து, காப்பி எடுக்கும் கட்டளை தந்து, காப்பிக்குப் புதிய ஆண்டின் பெயர் வைத்து, அதில் உள்ள பதிவுகளை மட்டும் நீக்கிடவும். தலைப்புகளும் கீழ் விரியும் பட்டியல்களும் அப்படியே இருக்கும். பைலை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து வையுங்கள். அந்த பென் டிரைவைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்காமல் எடுத்து பீரோவில் வைக்கவும்.